ஆடாத கோடு

என் அக்காவின் கணவர் விமானம் ஓட்டுபவர் இல்லை. ஓட்டுகிறார் என்று நான் தெரு முழுக்க அளந்துவிட்டது வேறு கதை. புதிதாகச் செய்த விமானத்தைச் சோதனைக்குப் பறக்கவிடும்போது, தரையில் ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதுதான் மாமாவின் வேலை. இறக்கை, எஞ்சின், சக்கரம் என்று கண்ட இடத்திலெல்லாம் சென்சார் ஒட்டியிருப்பார்கள். எங்கே சூடு, எங்கே நடுக்கம் என்று விமானம் ரேடியோவில் ஓயாமல் கீழே புலம்பிக்கொண்டிருக்கும். அந்தப் புலம்பலுக்குப் பெயர் டெலிமெட்ரி. மாமாவின் திரையில் அது கோடு கோடாக ஓடும். அறிவியலில் நான் வாங்கிய மார்க்குக்கு இவ்வளவு தெரிவதே அதிகம்.

எஞ்சின் கொஞ்சம் சூடானாலே பதறும் மனுஷர், அக்காவுக்குக் காய்ச்சல் வந்து போனதைக் கவனிக்கவே இல்லை. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மாமா அழைத்துப்போக வந்தார்.

"என்ன கோபம்?"

"ஒண்ணுமில்ல."

"ஏதாவது சொல்லேன்."

"ஒண்ணுமில்ல. நீங்க கிளம்புங்க."

மாமா நிம்மதியாக எழுந்தார்.

அவர் தனியாகக் கிளம்பிவிட்டால் அக்கா அப்புறம் போகவே மாட்டாள். அவள் பிடிவாதம் அப்படி. அதனால்தான் அவருடைய ஷூவில் ஒன்றை அவள் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். ஷூ வேணும்னா பை போகணும், பை போகணும்னா அக்கா போகணும். என்ன மூளை! மாமாவோ ஒரு காலில் ஷூவும் மறு காலில் எங்கள் பாத்ரூம் செருப்புமாக, எந்தச் சந்தேகமும் இல்லாமல் படியிறங்கினார்.

தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"மாமா, உங்க திரையில ஒரு கோடு கொஞ்சம்கூட ஆடாம நேரா போனா, எல்லாம் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?"

"சேச்சே! பறக்கும்போது எல்லாமே கொஞ்சமாவது ஆடும். ஆடலன்னா சென்சார் செத்துப்போச்சு, இல்ல ஒயர் அறுந்துபோச்சு."

"அப்போ அக்கா? வந்ததுலேருந்து ஒரே 'ஒண்ணுமில்ல'."

மாமா படியிலேயே நின்றார். பறப்பதற்கு முன் சென்சாரைக் கையால் தொட்டு, திரையில் கோடு ஏறுகிறதா என்று பார்ப்பார்களாம். உள்ளே ஓடிவந்தவர் அக்காவின் நெற்றியில் கை வைத்தார்.

"இப்பத் தொட்டுப் பாருங்க! காய்ச்சல்ல கிடந்தப்போ எங்க போச்சு இந்தக் கை?"

அக்கா அழுதுகொண்டே போட்ட சத்தத்தில் மாடி வீட்டு ஜன்னல் திறந்தது. மாமா முகமெல்லாம் சிரிப்பு. "வருது, வருது!"

"என்ன வருது?" என்று குனிந்தவள் அவர் கால்களைப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏய் வாலு, ஷூ எங்கடி?"

"எனக்கென்ன தெரியும்?"

பை மாமாவின் தோளில் ஏறிப் போனது. அக்காவும் கூடவே. என் பாத்ரூம் செருப்பில் ஒன்று இன்னும் திரும்பி வரவில்லை. ஒற்றைச் செருப்போடுதான் குளிக்கப் போகிறேன். நான் கேட்கவும் இல்லை.