பெடலுக்குக் காது கிடையாது

திருத்தணியில் இறங்கி சேட்டு வீடு எது என்று கேட்டால், "வட்டிக்கடை சேட்டா, தூண்டி சேட்டா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நம்ம ஆள் தூண்டில் சேட்டு. கடல் இங்கிருந்து எண்பது கிலோமீட்டர். ஊருக்குள் இருக்கிற தண்ணீரில் பெரிசு கோயில் குளம்தான். அதில் தூண்டில் போட்டால் மலைமேல் இருக்கிறவர் முந்நூற்று அறுபத்தைந்து படியும் இறங்கிவந்து காதைத் திருகுவார். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு பதினோரு வருஷமாகத் தூண்டில் கம்பு செய்கிற மனுஷன், தன் ஆயுளில் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. சாப்பிடத் தோன்றினால் மார்க்கெட்டில் வாங்குவான்.

அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தவன்தான். கோதண்டபாணி என்று ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர் ஒருத்தர், ஞாயிறு தவறாமல் பூண்டி ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்காருகிறவர். அவருடைய கம்பில் இருந்து, தூண்டில் நரம்பு ஓடுகிற வளையம் ஒன்று கழன்றுவிட, தறியில் கிடந்த பட்டு நூலால் சேட்டு அதைக் கட்டிக் கொடுத்தான். அந்தக் கட்டு எவ்வளவு இறுக்கம் என்றால், கம்பு முறிந்தாலும் வளையம் வராது. சேதி மெட்ராஸ் வரைக்கும் போனது. அவ்வளவுதான், தறியை விட்டான்.

வேலை பார்க்கச் சுலபம். இரண்டு கவட்டைக் கட்டைமேல் கம்பைப் படுக்க வைக்க வேண்டும். கம்பு நெடுக ஒன்பது வளையம். ஒவ்வொரு வளையத்தின் காலையும் கம்போடு சேர்த்து நூலால் சுற்ற வேண்டும், சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் எறும்பு மூச்சுவிடக்கூட இடம் இருக்கக் கூடாது. கடைசியில் மேலே பசை. சேட்டு நூலைப் பிடிப்பான். அவன் பெண்டாட்டி வசந்தி எதிரில் உட்கார்ந்து கம்பை உருட்டுவாள். "சுத்து" என்பான், உருட்டுவாள். "போதும்" என்பான், நிறுத்துவாள். இருபது வருஷக் குடித்தனத்தில் இந்த இரண்டு வார்த்தையைத் தவிர இவன் வேறு ஏதாவது பேசினானா என்று வசந்தியின் அண்ணன் பங்காருவுக்கு இன்னமும் சந்தேகம்.

சித்திரையில் வசந்திக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

சேட்டு அழவில்லை. காரியத்துக்கு வந்தவர்கள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கல்லுக்கு வேட்டி கட்டிவிட்டது போல இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். சோறு போட்டால் தின்றான். போடாவிட்டால் கேட்கவில்லை. கொதிக்கக் கொதிக்க இருந்த டீயைத் தண்ணீர் போலக் குடித்துவிட்டுப் போனான். டீக்கடைக்காரர்தான் தன் நாக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அப்போது கையில் இருந்தது கோதண்டபாணியின் புதுக் கம்பு. மூன்று வளையம் கட்டி முடிந்திருந்தது. நாலாவது பாதி. நூல் அவிழாமல் இருக்க நுனியை டேப்பால் ஒட்டி, ஆணியில் மாட்டி வைத்தான். ஒன்பது மாதம் அப்படியே தொங்கியது.

தை பிறந்ததும் கோதண்டபாணி வந்தார்.

"சேட்டு, நான் கொற சொல்ல வரல. எனக்கும் வயசாவுது. வர்ற ஞாயித்துக்கெழம வரிக்கும் பாக்கறேன். முடியலன்னா ராயபுரத்துல ஒரு ஆள் கீறாரு, அவராண்ட குடுத்துக்கறேன்."

"அவரு அறுத்துடுவாரு சார்."

"ஆமாம்ப்பா. ஒருத்தர் கட்ன கட்டுமேல இன்னொருத்தர் எப்டி கை வைப்பாரு?"

சேட்டுவுக்குத் தெரியாததா? யார் கட்டிய கம்பு வந்தாலும் அவனும் முதலில் பிளேடைத்தான் எடுப்பான். பழைய நூலை நீள வாக்கில் ஒரு கீறு கீறினால் பாம்புச் சட்டை மாதிரி கழன்று விழும். கூட்டிக் குப்பையில் போடுவான். வசந்தி உருட்டிய மூன்றரைக் கட்டும் அப்படித்தான் ராயபுரத்துக் குப்பைக்குப் போகும். இதை நினைத்தபோதும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு, கம்பு உருட்ட ஒரு ஆள் தேடிக் கிளம்பினான்.

முதலில் பங்காரு உருட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் கை இருக்கிறதே, அது திருவாலங்காட்டுக் கரும்பு வெட்டிய கை. ஒரு பழைய கம்பைக் கொடுத்து "சுத்து பாவா" என்றதும், கிணற்றில் விழுந்த ஆளைத் தூக்குகிற வேகத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். நூல் அறுந்து, நூற்கண்டு உருண்டு தெருவுக்கே போய்விட்டது.

"மாப்ள, இது மனுசன் செய்ற வேல இல்ல. மிஷின் வாங்கிக்கோ."

மிஷின் என்றால் முக்தார் அகமது. அரக்கோணம் ரோட்டில் மோட்டாருக்கு காயில் கட்டுகிற கடை. பழைய மோட்டார் ஆயிரம் கிடக்கும் அந்தக் கடையில் முக்தாருக்கு உட்காரத்தான் இடம் இருக்காது. வெளியாள் போல வாசலில் நின்றேதான் யாவாரம்.

"நூல் சுத்தற மிஷினா? மூணு கீது சேட்டு. பொண்ணு பாக்கற மாதிரி நிதானமா பாரு."

முதலாவது, ஆர்.கே.பேட்டையில் இருந்து வந்தது, தறி நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற மிஷின். தறிக்காரன் புத்தி எங்கே போகும்? சேட்டு கேட்ட முதல் கேள்வி, "இன்னா ஸ்பீடு?" தறியில் வேகம் இருந்தால்தான் மிஷின், இல்லாவிட்டால் அது கட்டில். ஒரு ஓட்டைக் கம்பைப் பூட்டி சுவிட்சைப் போட்டார்கள். கம்பு கண்ணுக்கே தெரியவில்லை. அதில் இருந்த வளையம் பறந்துபோய், எதிர்க் கடையில் இட்லி தின்றுகொண்டிருந்தவரின் சாம்பாரில் விழுந்தது.

"நல்ல வேள, கறிவேப்பிலன்னு நெனைச்சி ஒதுக்கிட்டாரு," என்றார் முக்தார். "அடுத்தது பாரு."

அடுத்தது கிரில் சிக்கன் கடையின் மோட்டார். மூடின கடையில் இருந்து வாங்கியது. சேட்டு நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கம்பு ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அரக்கோணம் பஸ் ஒன்று போய், அடுத்த பஸ்ஸும் வந்துவிட்டது.

"பசை காயவைக்க இது ஆவும் பாய். கட்டறதுக்கு ஆவாது."

"ஆங், கோழிக்கு அவசரம் இல்ல. உனுக்கு ஞாயித்துக்கெழம கீது. அப்ப இதான்."

மூன்றாவது, இதற்கென்றே செய்த மிஷின். மெட்ராஸில் யாரோ வாங்கி, சலித்துப்போய் விற்றது. கம்பின் அடியைக் கவ்விப் பிடிக்க ஒரு சக்கு, பக்கத்தில் சின்ன மோட்டார், காலுக்குத் தையல் மிஷின் போல ஒரு பெடல். லேசாக மிதித்தால் மெதுவாக, அழுத்தினால் வேகமாக. பழைய கம்பில் ஒரு கட்டு கட்டிப் பார்த்தான். ஒழுங்காக வந்தது.

"இதான்," என்றான் சேட்டு. மறுநாளே கோதண்டபாணியின் கம்பைக் கொண்டுவந்தான். கோளாறு வந்தால் முக்தார் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று அங்கேயே பூட்டினான். நாலாவது வளையத்து டேப்பை உரித்து, நூலை விரலில் வாங்கிக்கொண்டு பெடலை மிதித்தான்.

நூல் ஏறவில்லை. இறங்கியது. வசந்தி உருட்டிய சுற்று ஒவ்வொன்றாக அவிழ்ந்து வர ஆரம்பித்தது.

"போதும்," என்றான் சேட்டு.

மிஷின் சுற்றியது.

"போதும். போதும்."

பதினோரு வருஷமாக நிறுத்துவது வாயின் வேலை. காலுக்கு அந்தச் சேதி யாரும் சொல்லவில்லை, அது பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தது. முக்தார் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"பெடலுக்குக் காது கெடையாது சேட்டு. கால எடு. எத்தினி போச்சி?"

சேட்டு தொங்கிய நூலை விரலால் அளந்தான். "ஏழு சுத்து."

முக்தார் சக்கைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். "நீ கட்னது தலகீழா கட்னதுய்யா. ஊர்ல எல்லாரும் கம்ப தன் பக்கமாத்தான் உருட்டுவாங்க. உன் கட்டு அந்தப் பக்கமா போவுது."

"நானு உருட்டல பாய். அவதான் உருட்டினா."

"எங்க உக்காந்துகினு?"

"எதுர்ல."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவளும் தன் பக்கமாகத்தான் உருட்டியிருக்கிறாள். அவள் பக்கம் என்பது அவனுக்கு அந்தப் பக்கம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கம்பு மெட்ராஸுக்குப் போயிருக்கிறது, அத்தனையும் உலகத்துக்கு எதிராகச் சுற்றியவை. யாரும் கேட்டதில்லை. மீனும் கேட்டதில்லை.

"கம்ப திருப்பி, நுனிய சக்குல மாட்னா?" என்று முக்தாரே கேட்டுவிட்டு, முருங்கைக் காம்பு போல இருந்த நுனியைத் தொட்டுப் பார்த்து, "நொறுங்கிடும்," என்று அவரே பதிலும் சொன்னார். "மோட்டாரையே திருப்பிக்கலாம். உள்ள ரெண்டு ஒயர மாத்தணும். மாத்தினா உலகத்துல இருக்கற மத்த கம்புக்கெல்லாம் இது எதுர்ல சுத்தும். பரவால்லியா?"

"மாத்துங்க பாய்."

"யோசிச்சிகினு சொல்லு. அந்த அரக் கட்டு நூலுக்காவ மிஷினயே..."

"மாத்துங்க."

அரை மணி நேரத்தில் மாற்றினார். சேட்டு முதலில் ஓட்டைக் கம்பை மாட்டி, "போதும்" என்று சொல்வதும் காலை எடுப்பதுமாக ஐம்பது தரம் பழகினான். வாசலில் டயருக்குக் காற்றடிக்க வந்தவர், மிஷினுக்குப் பாடம் நடத்துகிறான் போல என்று நின்று பார்த்தார். பிறகு நிஜக் கம்பு. ஏழு சுற்றும் திரும்ப ஏறியது. அதற்குமேல் வளையத்தின் கால் முடிகிறவரை. பிறகு ஐந்தாவது வளையம்.

வசந்தி விட்ட இடத்துக்கும் மிஷின் பிடித்த இடத்துக்கும் நடுவில் விரலை வைத்துத் தடவினான். அவள் கட்டு ஒரு மயிரிழை தளர்ச்சி. மிஷின் கட்டு இறுக்கம். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரிந்தது. ஒன்பது மாதத்தில் அவன் விரலுக்கு ஏதோ ஒன்று தெரிந்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகும் அழுகை ஒன்றும் வரவில்லை. அடுத்த நூலை எடுத்தான்.

ஞாயிறு காலையில் கோதண்டபாணி கம்பை வாங்கி வெயிலில் பிடித்து, ஒன்பது வளையத்தையும் ஒரு கண்ணால் நோட்டம் விட்டார்.

"எதுவும் அறுக்கலையே?"

"இல்ல சார்."

"எதுவரிக்கும் அவங்க, எதுலருந்து மிஷினு? தெரியலியே."

"எல்லாம் ஒரே பக்கமாத்தான் சார் சுத்திகீது," என்றான் சேட்டு. அவர் கம்பை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பூண்டிக்குப் போனார்.

சாயங்காலம் பங்காரு வந்தபோது, சேட்டு அடுத்த கம்பைப் பூட்டியிருந்தான். மிஷினை வசந்தி உட்கார்ந்த இடத்தில் வைக்கவில்லை, பக்கவாட்டில் வைத்திருந்தான். எதிரில் பலகை காலியாக இருந்தது. பங்காரு அதில் உட்காரப் போய், என்ன நினைத்தாரோ, நிலைப்படியில் உட்கார்ந்தார்.

"சுத்து," என்று சொல்லிவிட்டு சேட்டு பெடலை மிதித்தான். கம்பு உருண்டது. "போதும்." காலை எடுத்தான்.

"இன்னா மாப்ள, இன்னும் பழகலியா?"

"காலு பழகிட்ச்சி பாவா," என்றான் சேட்டு, நூலில் இருந்து கண்ணை எடுக்காமல். "வாயிதான் கேக்க மாட்டேங்குது."