பாலாய்ராயாவில் ஒரு மறைப்பு

என் கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும். ஆறாம் வகுப்போடு தேயிலைக் காட்டில் இறங்கியவன். எந்த இடத்தில் எந்த 'ர' வரும் என்று இன்றைக்கும் சந்தேகம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச்சிலும் நான் அப்படித்தான். நாலு பேர் முன்னால் வார்த்தை வராது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து, சுவர்கள் இடிந்து, அடுப்படிகளை மண் மூடிவிட்டது. உயிருக்குச் சேதம் இல்லை. தோட்டத்து லோரியில் எங்களை ஏற்றி, தானா ராத்தா ஊரில் இருந்த பாலாய்ராயாவில் இறக்கினார்கள். ஊர்க் கூட்டங்கள் நடக்கிற மண்டபம் அது. மாவட்ட அலுவலகம் அரிசியும் சார்டின் டின்னும் ஆளுக்கொரு கம்பளியும் கொடுத்தது. கைகால் நன்றாக இருக்கிற மனிதன், தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ரோட்டில் போகிறவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன்.

என் மனைவி பிள்ளை பெற்று ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரே மண்டபத்தில் ஐந்து குடும்பம், நடுவில் ஒரு தட்டி கிடையாது. பால் கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு பெண்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர்கள் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை அழும். அவள் சுவரோரம் திரும்பி, கம்பளிக்குள் குனிந்து உட்கார்ந்திருப்பாள். "ஏங்க, ஒரு மறைப்புக்கு மட்டும் கேளுங்களேன்" என்று தினமும் சொன்னாள். "கங்காணி கேப்பாரு" என்று நானும் தினமும் சொன்னேன்.

தோட்டத்தில் அதுதான் வழக்கம். எது வேண்டுமானாலும் கங்காணியிடம் சொல்ல வேண்டும். அவர் ஆபீஸ் கிராணியிடம் சொல்லுவார், கிராணி துரையிடம். துரையே நேரில் வந்து கேட்டால் குறை சொல்லக் கூடாது. கங்காணி வீடும் இடிந்து, அவரும் எங்களோடு அதே சிமெண்டுத் தரையில்தான் படுத்திருந்தார். ஆனாலும் எங்களுக்கு அவர் கங்காணிதான்.

ஒரு நாள் காலை மாவட்ட அலுவலகத்து அதிகாரி ஜீப்பில் வந்தார். மலாய்க்காரர், சின்ன வயது. அவர் உள்ளே வந்ததும், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்பதுபோல் நாங்கள் வரிசையாக நின்றுவிட்டோம். அவருக்கே கூச்சமாகிவிட்டது. இன்னும் என்ன வேண்டும், தயங்காமல் சொல்லுங்கள் என்று மலாயில் கேட்டார். கங்காணி தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சுக்கூப், துவான்" என்றார். போதும், ஐயா. அதிகாரி எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன். அவர் கிளம்பத் திரும்பினார்.

"தா சுக்கூப், துவான்."

சுவரோரத்திலிருந்து என் மனைவியின் குரல். போதாது என்கிறாள். பிள்ளையைக் காட்டினாள், ஜன்னலைக் காட்டினாள், "சாயா மாலு" என்றாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று. அதற்குமேல் அவளுக்கு மலாய் வரவில்லை, வேண்டியும் இருக்கவில்லை.

கங்காணி என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, வீட்டுல பேசுறது யாரு, நீயா அதுவா?" என்றார். நான் கீழே கிடந்த கம்பளியை எடுத்து மடித்தேன்.

மத்தியானமே சாமான் வந்தது. ஓட்டுப் போடும்போது ஆளை மறைக்க வைப்பார்களே, அந்தப் பலகைத் தடுப்புகள். அலுவலகத்து ஸ்டோரில் சும்மா கிடந்ததாம். மூலையில் நிறுத்தியதும் ஒரு சின்ன அறையே ஆகிவிட்டது. பக்கத்துக் குடும்பத்து அக்கா எட்டிப் பார்த்து, "பொறந்த ஒடனே ஓட்டு வந்துருச்சு லா ஒன் மவனுக்கு" என்றாள். மண்டபமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அங்கே வந்த பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அடுத்த தடவை வந்தபோது அதிகாரி கங்காணியைக் கேட்கவில்லை. நேராகப் பலகை முன்னால் வந்து நின்றார். என் மனைவி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுத் தடுப்புக்கு வெளியே போனாள். அடுப்புக்கு மண்ணெண்ணெய், கக்கூசுக்கு விளக்கு, இடிந்த லயத்தை எப்போது கட்டுவார்கள் என்ற கேள்வி. எல்லாருக்கும் சேர்த்து அவளே கேட்டாள். கங்காணிகூட மெதுவாக, "கெழவனுங்களுக்கு இன்னொரு கம்பளி கேளும்மா" என்றார்.

"ஓம் புருசன் எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"உள்ளதான், புள்ளைய வெச்சிக்கிட்டு இருக்காரு."

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கீழே கிடத்திவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நின்றிருக்கலாம். ஜீப் சத்தம் ரோட்டில் தேய்கிறவரை நான் பலகைக்குப் பின்னாலேயே இருந்தேன்.

12 மார்ச் 1989