கோட்டுக்கு ஆகாத தாளிப்பு

மான்ட்ரியலில் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளாக ஒரு ஊர் குடியிருந்தது. யார்க். இங்கிலாந்தில் கோட்டைச் சுவர் சூழ்ந்த பழைய நகரம். கல்யாணமான புதிதில், அறுபதுகளின் கடைசியில், என் கணவர் அங்கே வேலை பார்த்தார். நாங்கள் குடியிருந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டினால், "யார்க்ல இப்படி இருக்காது" என்பார். பால் திரிந்தால்கூட யார்க் வந்துவிடும். கேட்டுக் கேட்டு அந்தப் பெயரே எனக்கு வேப்பங்காயாகிவிட்டது.

எனக்கு யார்க் என்றால் ஒரு மாடி அறையும், கீழே இருந்த வீட்டுக்காரக் கிழவியும்தான். நான் போய்ச் சேர்ந்த முதல் வாரமே படியேறி வந்து, தாளிக்கிற வாசனை இந்த வீட்டில் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனாள். கடுகு இல்லை, பெருங்காயம் இல்லை. இரண்டு வருடம் அவித்த உருளைக்கிழங்கும் உப்புப் போட்ட பருப்பும் தின்றேன். நான் அழுத நாட்களில் இவர் முதுகைத் தடவி, "வெள்ளைக்காரி அப்படித்தாம்மா, பொறுத்துக்கோ" என்பார். அந்த ஆறுதலுக்காகவே இவரை நல்லவர் என்று நம்பினேன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் மான்ட்ரியல் அலுவலகங்களில் பிரெஞ்சு கட்டாயமாகத் தொடங்கியது. நான் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்து, ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலையை நிரந்தரமாக்கிக்கொண்டிருந்தேன். இவருக்கு 'போன்ஜூர்', 'மெர்சி'க்கு மேல் நாக்கு புரளவில்லை. யார்க்கில் பழைய முதலாளிக்கு எழுதிப் போட்டார். வரச் சொல்லிவிட்டார்கள். நானும் வேலையை உதறிவிட்டுப் பின்னால் வர வேண்டுமாம்.

சென்னைக்குப் போய்விட்டு நவம்பரில் லண்டன் வழியாகத் திரும்பினோம். "ஒரே ஒரு நாள் வந்து பாரு. பாத்தப்புறம் நீயே சரின்னுடுவ" என்று என்னை யார்க் ரயிலில் ஏற்றினார்.

கோட்டைச் சுவர்மேல் நடந்தோம். காற்று காதை அறுத்தது. புதிதாக வாங்கிய கம்பளிக் கோட்டுக்குள் இவர் கதகதப்பாக இருந்தார். பேராலயத்தின் முன் நின்று, தானே கல் சுமந்து கட்டியதுபோலப் பெருமூச்சு விட்டார்.

"என்ன அமைதி பாத்தியா?"

"நாம பேசாம இருந்தா எந்த ஊரும் அமைதிதான்."

சுவரிலிருந்து இறங்கித் தெருவில் நடந்தோம். வீட்டுக்காரக் கிழவியைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அவளிடம் நேருக்கு நேர் கேட்க என்னிடம் ஒரு கேள்வி வருடக்கணக்காக ஊறிக்கொண்டிருந்தது. இவர் நின்றுவிட்டார். "எதுக்கு இப்போ? ரயிலுக்கு நேரமாச்சு." ரயிலுக்கு இன்னும் வேண்டிய நேரம் இருந்தது.

கிழவிதான் கதவைத் திறந்தாள். என்னைத்தான் முதலில் அடையாளம் கண்டாள். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்த் தேநீர் கொடுத்தாள். நான் விடவில்லை. என் சமையல் வாசனை அவளை அப்படி என்ன செய்தது என்று கேட்டேன்.

கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்கு அந்த வாசனை ஒரு தொந்தரவே இல்லையாம். "உன் கணவர்தான் என்னைச் சொல்லச் சொன்னார். கோட்டில் வாசனை ஏறுகிறது, அலுவலகத்தில் சிரிக்கிறார்கள், தான் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்றார். நீ அழுவது கீழே எனக்குக் கேட்கும். பாவமாக இருக்கும்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறார். திரும்பிப் பார்த்தேன். சர்க்கரை போடாத தேநீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

ரயிலில் உட்கார்ந்ததும், "அப்போ சின்ன வயசு, விடும்மா" என்றார்.

"எனக்கு மட்டும் கிழ வயசா? அந்தப் பொம்பளைய ரெண்டு வருஷம் கரிச்சுக் கொட்டினேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருந்தீங்க."

"சரி, முடிஞ்சு போனது. வேலைக்கு என்ன பதில் எழுதட்டும்?"

"உங்களுக்கு வேணும்னா தாராளமா போங்க. நான் வரல."

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதை இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மான்ட்ரியல் வந்து சேர்ந்ததும் அவர் குளிக்கப் போனார். நான் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. அவருடைய கோட்டை எடுத்து அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். சமையலறைக் கதவையும் ஜன்னலையும் சாத்தினேன். நல்லெண்ணெய் புகையும்வரை காயவிட்டு, கடுகு, வெந்தயம், மிளகாய் வற்றல், கட்டிப் பெருங்காயம் எல்லாம் போட்டேன். வத்தக்குழம்பு கொதித்து வற்றும்வரை கதவைத் திறக்கவில்லை.

குளித்துவிட்டு வந்தவர் கோட்டை எடுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் அவருக்குச் சோறு போட்டேன்.

யார்க்குக்கு அவர் போகவில்லை. தனியாகப் போனால் யார் சமைப்பது? மறுநாள் வெளியே பனி முழங்கால் உயரம். அவருக்கு இருந்தது அந்த ஒரு கம்பளிக் கோட்டுதான். அதையே போட்டுக்கொண்டு மெட்ரோவுக்குக் கிளம்பினார்.