ஐம்பது இட்லி உண்ட மாப்பிள்ளை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பு முடிந்தும் முடியாமலும் திரிந்துகொண்டிருந்தேன். முடியாததற்குக் காரணம் தமிழ்த் தாள், அதிலும் அணி இலக்கணம். இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாம் முறைக்கு உயர்வு நவிற்சி அணியை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றை அளவுக்கு மீறி உயர்த்திச் சொன்னால் அந்த அணி. எங்கள் தெருவில் எல்லாரும் நாள் முழுக்கச் செய்வதுதான். அதற்கு மதிப்பெண் உண்டு என்பது மட்டும் எனக்குப் புதிய செய்தி.

அந்த நேரம் பார்த்து என் கூட்டாளிக்குக் கல்யாணம். அவன் சேரன்மகாதேவிக்காரன், பெண் ஆழ்வார்குறிச்சி. காற்றடித்தால் கூடவே போய்விடுவான் போலிருப்பான். நோஞ்சான் என்றே இரண்டு இடத்தில் பெண் தர மறுத்துவிட்டார்கள். இந்தப் பெண்ணின் அப்பாவும் நிச்சயதார்த்தத்தில் அவனை மேலும் கீழும் பார்த்து, "மருமவன் சாப்பிடுதாரா இல்லையா?" என்று கேட்டுவிட்டார். பாவம், அது அவனை அரித்துக்கொண்டே இருந்தது.

"லே, வாழ்த்து மடல் நீதான் எழுதணும். மாமனார் முன்னால என் மானத்தைக் காப்பாத்து" என்றான்.

அப்போதெல்லாம் கூட்டாளிகள் வாழ்த்து மடல் அச்சடித்து, மைக்கில் படித்து, பந்தல் முழுக்க விநியோகிக்காவிட்டால் கல்யாணமே செல்லாது. நான் படித்த அணியை மொத்தமாக இறக்கினேன்.

"இட்டலி ஐம்பதும் இமைப்பொழுதில் உண்டெழும்
மதயானை நிகர்த்த மணமகன் வாழ்க!"

ரோஸ் நிறத் தாள். நானே படித்தேன். ஒரே கைதட்டல். பெண்ணின் அப்பா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுவீட்டு விருந்துக்கு என்னையும் இழுத்துப் போனான். காலையில் இலை போட்டதும், மாமனார் ஒரு அண்டாவைத் தானே தூக்கிவந்து அவன் முன்னால் இறக்கினார்.

"எண்ணி ஐம்பது இருக்கு மருமவனே. கூச்சப்படாதிய."

கூட்டாளி என்னைப் பார்த்தான். நான் சட்னியைப் பார்த்தேன்.

"மாமா, அது சும்மா பாட்டுக்கு..."

"சும்மாவா? அச்சுல வந்திருக்கே!" என்று தாளை விரித்துக் காட்டினார்.

ஆறாவது இட்லியில் அவனுக்கு வியர்த்தது. எட்டாவதில் கண் கலங்கியது. ஒன்பதாவதைக் கையில் வைத்துக்கொண்டு அதனிடம் ஏதோ வேண்டிக்கொண்டான். எனக்கு மனசு கேட்கவில்லை.

"மாமா, அது உயர்வு நவிற்சி அணி. உள்ளதைக் கூட்டிச் சொல்லுதது" என்றேன்.

"பொய்யின்னு சொல்லும்வே. அதுக்கு எதுக்கு ஒரு பேரு?" அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ, மாப்பிள்ளைக்கு வேலை இருக்குன்னு சொன்னியளே, அதும் இந்த அணிதானா?"

"ஐயோ, வேலை நிசம் மாமா!" என்று கூட்டாளி அலறினான். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. காப்பாற்றச் சொன்ன மானத்தை நானே கப்பலேற்றிவிட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது.

அப்போது புதுப்பெண் அடுக்களையிலிருந்து வந்தாள். ஒரு இலையை விரித்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குப் பசிக்கு" என்று அண்டாவைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பதினோரு இட்லி. நான் எண்ணினேன்.

மாமனார் தொண்டையைக் கனைத்தார். பைய என் காதருகே குனிந்தார்.

"பிள்ளை குருவி மாதிரிதான் கொறிக்கும்னு தரகர்ட்ட நான் சொல்லியிருந்தேன். அதுக்கும் ஏதாவது பேரு இருக்காவே?"

"உவமை அணி, மாமா."

ரோஸ் தாளை மறுபடியும் நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மருமவனே, நீங்க எந்திரிச்சுக் கையைக் கழுவுங்க" என்றார்.