முத்திரை இல்லாத நண்டு

எனக்கு நண்டு என்றால் உயிர். வாழ்க்கைப்பட்ட வீட்டிலோ நண்டு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. என் தொல்லை இவ்வளவுதான். வெளியே சொன்னால், "போயும் போயும் நண்டுக்கா இம்புட்டுக் கவலை?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் சட்டியில் என்ன வேண்டுமானாலும் வேகும்.

நான் பிறந்தது திருப்பாலைக்குடி. எங்கள் கரையில் நாங்கள் ஷாபி மத்ஹபு. மார்க்கச் சட்டத்தில் அது ஒரு வழி. நண்டு, கணவாய் எல்லாம் எங்களுக்கு ஹலால். ராமநாதபுரத்தில் என் மாமியார் வீடு ஹனபி வழி. அவர்களுக்குக் கடலில் மீன் மட்டும்தான் ஆகும். இறாலை எப்படியோ மீன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். இரண்டு வழியும் சரிதான் என்று மார்க்கம் படித்த ஆலிம்சா சொல்லித்தான் நிக்காஹ் நடந்தது. சாயங்கால அஸர் தொழுகையை எங்கள் ஊர் வழக்கப்படி நான் முந்தித் தொழுதாலும் மாமி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடுப்படியில்தான் எல்லை போட்டுவிட்டார். அதையும் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். "நம்ம சட்டியில அது வேணாம்மா" என்று தணிவாகச் சொல்கிறவரிடம் என்னத்தைச் சண்டை பிடிப்பது?

தாய்வீட்டுக்குப் போகும்போது ஆசை தீரத் தின்றுவிட்டு வருவேன். மகள் வளர்ந்ததும் அதிலும் மண் விழுந்தது. என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பும் சாக்லேட்டை மாமி உடனே பிரிக்க விடமாட்டார். "ஹலால் முத்திரை இருக்கா பாரு" என்று பேத்தி கையில் கொடுப்பார். எழுத்துக் கூட்டத் தெரியாத வயதிலேயே பிள்ளை அந்த முத்திரையைக் கண்டுபிடித்துவிடுவாள். சிப்ஸ், பிஸ்கட், பற்பசை, எதையும் விடுவதில்லை. நானே பெற்று வளர்த்த சிஐடி. ஊருக்குப் போனாலும் என் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். இங்கேயும் தின்ன வழியில்லை, அங்கேயும் இல்லை என்றானது. 

போன நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு நாள் என் வாப்பா ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் வாளி, அதன்மேல் ஈரச்சாக்கு, உள்ளே உயிரோடு நீலக்கால் நண்டுகள்.

"ரொம்ப நாளா நீ வாய்க்கு ருசியாத் திங்கலைல்லம்மா. அதான் கொண்டாந்தேன்" என்றார்.

 மாமி வாளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்துருக்கீக அண்ணே. கொல்லையில தனி அடுப்பு மூட்டி, தனிச் சட்டியில ஆக்கிக்கிறட்டும்" என்றார். வாப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவரே கடைக்குப் போய் ஒரு மண்சட்டி வாங்கிவந்தார். என் வீட்டில் எனக்கென்று தனிச் சட்டி. சந்தோஷப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கொல்லையில் மகள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். வாப்பா ஒரு நண்டை எடுத்து மல்லாத்திக் காட்டினார். அதன் வெள்ளை வயிற்றை அவள் உற்றுப் பார்த்தாள்.

"இதுல முத்திரை எங்க நன்னா?"

வாப்பா சிரித்துவிட்டார். "முத்திரை குத்துற ஆளுக்கு நீச்சல் தெரியாது தாயி. அதான் கடலுக்குள்ள இன்னும் வரல."

பிள்ளை சிரிக்கவில்லை. நிலைப்படிக்கு உள்பக்கம் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்தே எங்களைப் பார்த்தாள்.

மிளகு தூக்கலாகப் போட்டு ஆக்கினேன். வாப்பா காலை உடைத்து உடைத்து என் தட்டில் வைத்தார். ருசி என்றால் அப்படியொரு ருசி. கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டும். அவள் என் கையால்தான் சாப்பிடுவாள். வாப்பா தண்ணீர் ஊற்ற, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். எலுமிச்சம்பழமும் தேய்த்தேன். நண்டு வாடை விரலை விட்டு லேசில் போகாது. சோற்றைப் பிசைந்து நீட்டியபோது பிள்ளை என் விரலை மோந்து பார்த்தாள்.

"இந்தக் கையால எனக்கு ஊட்டாதீங்கம்மா. நீங்க ஹராம் தின்னுட்டீங்க."

வாப்பா துண்டால் கையைத் துடைத்தபடி வாசலில் நின்றிருந்தார். அவர் காதில் விழுந்துவிட்டது.

"எனக்கும் நன்னாவுக்கும் அது ஹலால்டா. ஆலிம்சாவே சொல்லிருக்காக" என்றேன்.

"அப்ப நான் ஒங்க புள்ள இல்லையா?"

 மாமிதான் அதட்டினார். "ஏ புள்ள, அப்படியெல்லாம் பேசக் கூடாது. அவுகளுக்கு அது ஆகும்." மாமி எனக்காகப் பேசியதுதான், ஆனாலும் அந்த 'அவுக' எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை அதற்கப்புறமும் என் கைச் சோற்றுக்கு வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மாமி கையால் சாப்பிட்டாள்.

வாப்பா வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டார். "வாரேம்மா" என்றார். மண்சட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது நாங்கள் திருப்பாலைக்குடிக்குப் போனால் வீட்டில் நண்டு வாடையே இருப்பதில்லை. வலையில் நண்டு விழுந்தாலும் வாப்பா அப்படியே ஏலத்துக்கு அனுப்பிவிடுகிறார். விருந்தாளிக்கு ஆக்குவதுபோல எனக்குக் கோழி ஆக்குகிறார்கள். எனக்கு நண்டு ஆக்குங்க வாப்பா என்று கேட்க வாய்வரை வருகிறது. பக்கத்தில் பிள்ளை என் கைச் சோற்றுக்காக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் கோழியைப் பிய்த்து ஊட்டுகிறேன்.