‘பார்த்தேன்’ என்று எழுதுகிறவள்

இருபது பள்ளி நாட்கள். அத்தனை நாள் ஒரு பிள்ளை வராமல், எங்கே என்று பள்ளிக்கும் உள்ளாட்சிக் கவுன்சிலுக்கும் தெரியாமல் போனால், பெயரைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடலாம். ஒன்பது வயதுச் சிறுமி டார்சி பெக்வித்துக்கு அந்த வெள்ளிக்கிழமை இருபதாம் நாள்.

அப்படிக் காணாமல் போகும் பிள்ளைகளைத் தேடுவதுதான் பெவர்லி ஆஸ்க்யூவின் வேலை. இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரக் கவுன்சில் ஒன்றில் பதினோரு வருடம். அதற்கு முன் அதே கவுன்சிலுக்காக, தடை செய்த இடத்தில் நிறுத்திய கார்களில் அபராதச் சீட்டு ஒட்டினாள். திட்டு வாங்கிப் பழகிய காது. அவளுடைய படிவத்தில் இரண்டு கட்டங்கள்: ‘பார்த்தேன்’, ‘சொன்னார்கள்’. முதல் வருடம் ஒரு தாயின் பேச்சை நம்பி, பார்க்காத பையனைப் பார்த்ததாகக் குறித்துவிட்டாள். பிறகு அவனை மருத்துவமனையில்தான் பார்க்க முடிந்தது.

டார்சி வேறு ஊரில் அத்தை வீட்டில் இருப்பதாக அம்மா லியான் போனில் சொல்லியிருந்தாள். முகவரி கேட்டதும் போனை வைத்துவிட்டாள். பள்ளியில் மதியச் சாப்பாடு பரிமாறும் பெண்தான், லியானைக் கடற்கரையில், கேரவன் எனும் வண்டி வீடுகள் நிற்கும் முகாமில் பார்த்ததாகச் சொன்னாள்.

அந்த வெள்ளி மதியம் இரண்டு மணி. லியானோடு வாழும் வேய்ன், கேரவன் கதவைக் கையகலம் திறந்தான்.

“அத்தை வீட்ல இருக்கான்னு சொன்னோம்ல?”

“சொன்னீங்க. தெருப் பேரைச் சொல்லுங்க, போயிடறேன்.”

“உன்னத் தெரியுமே. என் வண்டில சீட்டு ஒட்டுனவதானே நீ?”

“ஒட்டியிருப்பேன் தம்பி. நிறுத்தக் கூடாத மஞ்சக் கோட்டு மேல நிறுத்தியிருப்பீங்க.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அப்போது உள்ளிருந்து லியானின் குரல்: “மெதுவா பேசுங்க, இப்பத்தான் தூங்குனா.”

வேய்ன் கதவை இன்னும் ஒடுக்கினான்.

“நான் உள்ள வரல. முகத்தை மட்டும் காட்டுங்க,” என்றாள் பெவர்லி.

கதவு அறைந்து சாத்தப்பட்டது. உள்ளே நுழைய அவளுக்கு அதிகாரம் இல்லை, போலீசுக்கு உண்டு. படியிலேயே நின்று, உள்ளே கேட்கும்படி போலீசுக்கும் அலுவலகத்துக்கும் போனில் பேசினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் திரை விலகியது. ஒரு சிறுமி. இடது கை, சமையலறைத் துண்டால் கட்டிக் கழுத்தில் தொங்கியது.

“பேரு என்ன கண்ணு?”

கண்ணாடிக்கு அப்பால் உதடுகள் அசைந்தன. டார்சி.

இரண்டு பதினேழுக்கு முதல் கட்டத்தில் குறித்தாள். ஜன்னலை விட்டு நகரவில்லை. போலீஸ் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது.

மணிக்கட்டு உடைந்து இரண்டு வாரமாகியிருக்கும் என்றார் மருத்துவர். டார்சியின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. இப்போது கவுன்சில் ஏற்பாடு செய்த தற்காலிக வளர்ப்புக் குடும்பம் ஒன்றில் இருக்கிறாள். திங்கள் காலை பத்து மணிக்குக் கவுன்சில் கட்டடத்தில், அவள் இனி எங்கே வளர்வாள் என்று பேசும் கூட்டம்.