மஞ்சள் பந்தும் வார் போட்ட கண்ணாடியும்

சுனாமி வந்த மறு வருஷம் நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பள்ளியின் பெண்கள் பூப்பந்து அணியில் ஐந்து பேரில் ஒருத்தி. பூப்பந்து என்பது கம்பளி நூல் சுற்றிய சின்ன மஞ்சள் பந்து. அது தரையில் விழுவதற்குள் பேட்டால் திருப்பி அடித்துவிட வேண்டும். நான் பின்வரிசையில் நிற்பேன். அந்தப் பந்து எனக்குச் சரியாகத் தெரியாது என்பது யாருக்கும் தெரியாது.

வலையைத் தாண்டும்போது ஒரு மஞ்சள் கலங்கலாக வரும், அவ்வளவுதான். எதிரணியின் பேட்டில் பந்து படுகிற சத்தத்தையும், எனக்கு முன்னால் ஆடும் தோழியின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். பள்ளிக்குக் கண் பரிசோதிக்க வந்தபோது, வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் படித்த எழுத்துகளைக் காதில் வாங்கி அப்படியே ஒப்பித்துவிட்டேன். கண்ணாடி போட்டால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம். தவிர, எங்கள் தெருவில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்திகூட இல்லை.

சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டிக்குத் திண்டிவனம் போயிருந்தோம். நல்ல காற்று. பாதி ஆட்டத்தில் எனக்கு நேராக மஞ்சளாக ஒன்று உயரத்திலிருந்து இறங்கி வந்தது. இரண்டடி பின்னால் போய், முழு பலத்தோடு வீசினேன். அது ஒரு மளிகைக்கடை கேரி பேக். பேட்டில் சுற்றிக்கொண்டு படபடவென்று அடித்தது. நிஜமான பந்து என் காலடியில் விழுந்து கிடந்தது.

மைதானமே சிரித்தது. நடுவர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். கவரைப் பேட்டிலிருந்து பிரித்து எடுக்க எனக்குக் கை வரவில்லை. முன்னால் நின்ற தோழிதான் வந்து பிரித்துப் போட்டாள். பி.டி. டீச்சர் என்னைக் கோட்டுக்கு வெளியே கூப்பிட்டு, "ஏண்டி, கண்ணு தெரியலயா உனக்கு?" என்றார். திட்டுகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஊர் திரும்பியதும் அவரே அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அம்மா உப்பளத்தில் உப்பு சுமக்கிறவர். ஒருநாள் வேலைக்குப் போகாமல் என்னைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனார். கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் பவர் இருக்கிறது, இத்தனை நாள் எப்படி விளையாடினாய் என்று கேட்டார். சாதாரணக் கண்ணாடி வகுப்புக்குச் சரி, ஆட்டத்துக்கு ஆகாது, அடிபட்டு உடைந்தால் சில்லு கண்ணுக்குள்ளேயே போகும் என்றார். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் ஒன்று உண்டு என்று அவர் சொன்னதுமே எனக்கு உயிர் வந்தது. வெளியே யாருக்கும் தெரியாது அல்லவா?

ஆனால் அதை வைக்கும்போதும் எடுக்கும்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தூசியில் அது சரிப்படாது என்றார். பள்ளியில் எங்கே கை கழுவுவாய் என்று கேட்டார். நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவே சொன்னார்.

"தண்ணிக் கொயா ஒடஞ்சி கெடக்குதுங்க மேடம். பசங்க தொட்டித் தண்ணியிலதான் மொகம் கழுவுதுங்க. ஊட்டுலயும் உப்புத் தண்ணிதான்."

எங்கள் வீட்டுக் கதையை இப்படிப் பிட்டு வைக்கிறாரே என்று எனக்கு அங்கேயே புதைந்து போகலாம் போல இருந்தது. டாக்டரம்மா முகத்தைச் சுளிக்கவில்லை. அப்படியானால் லென்ஸ் பெரிய பிள்ளையான பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு உடையாத பிளாஸ்டிக் கண்ணாடியாக, தலைக்குப் பின்னால் வார் போட்டதாக வாங்குங்கள் என்றார்.

கடையில் என் அளவுக்கு ஒன்றுதான் இருந்தது. தடித்த கறுப்பு ரப்பர் விளிம்பு. மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். மோட்டார் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவர் மாதிரி இருந்தேன். அம்மா கடைக்காரரிடம், கல்யாண வயசுக்குள்ள இது தானா சரியாயிடுமா என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் நான் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன்.

அதை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கிய முதல் நாள் பந்தின் மேலிருக்கும் நூல் பிசிறு வரைக்கும் தெரிந்தது. அதைவிட நன்றாகத் தெரிந்தது, சிரிக்கிறவர்களின் முகம். அதற்கு முன்னால் சிரிப்பு எனக்கு வெறும் சத்தம். இப்போது காம்பவுண்டுச் சுவர் மேல் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவனின் பல்லும் தெரிந்தது. ஆட்டமும் கெட்டுப்போனது. சத்தத்தைக் கேட்டு ஓடிப் பழகியவளுக்குப் பந்தைப் பார்த்து ஓடத் தெரியவில்லை. பந்து வருவதற்கு முன்பே வீசினேன். டீச்சர் என்னை வெளியே உட்கார வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் கண்ணாடியைக் கழற்றி மடியில் மறைத்துக்கொள்வேன்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகி, மறுபடி உள்ளே எடுத்தார். அன்றைய பயிற்சியில் முன்னால் நின்ற தோழி பின்னுக்கு வந்த பந்தைத் தானே எடுக்கப் பார்த்துத் திரும்பி வீசினாள். பேட்டின் கட்டை என் இடது கண் மேல் முழுசாக விழுந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் பேட்டைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, கண்ணு போயிட்ச்சி டீச்சர்" என்று அழ ஆரம்பித்தாள்.

கண் போகவில்லை. கண்ணாடியில் ஒரு கீறல், கன்னத்தில் ரப்பர் அழுந்திய கன்றல். டீச்சர் அதை வாங்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், பிறகு அவரே என் தலையில் மாட்டி வாரை இறுக்கினார். ஆட்டம் தொடர்ந்தது. சுவர் மேலிருந்த பையன்களும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அதற்காக வெட்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். எல்லாரும் என்னையே பார்க்கிறார்களே என்றுதான் இருந்தது.

மறு வருஷம் குறுவட்டத்தில் ஜெயித்தோம். மாவட்டத்தில் முதல் சுற்றிலேயே தோற்று வந்தோம். வெயிலில் ஆடி ஆடி முகமெல்லாம் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி மறைத்த இடம் வெளுத்துக் கிடந்தது. அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அத்தை என் முகத்தில் பவுடரை அப்பிப் பார்த்து, சரிப்படாமல், "நீ உள்ளயே இரு" என்று சொல்லிவிட்டார். அடுப்பங்கரையில் டம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே வந்து காபித் தட்டை என் கையில் கொடுத்தார்.

கூடத்துக்கு வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா என்னை உற்றுப் பார்த்து, கண்ணைச் சுற்றி என்ன அது, தேமலா என்று கேட்டார்.

"தேமல் இல்லீங்க. பந்து ஆடுது. கண்ணாடி மாட்டிக்கினு ஆடுது. அதான்," என்றார் அம்மா.

எனக்குக் காது சுட்டது. தட்டிலிருந்த காபியைத் தவிர வேறெதையும் பார்க்காமல் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்தேன். அத்தை கதவருகிலிருந்து கண் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். அம்மா என்னை உள்ளே போகச் சொல்லவில்லை. நகர்ந்து, தனக்குப் பக்கத்தில் பாயில் இடம் விட்டார்.